சாட்சிக்கு ஒரு காது

அருள்செல்வி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்தபோது அவளுடைய இடது காதில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. தாமஸ் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன புள்ள காதுல?"

"தெச்சுட்டு வந்தனுங்க."

"எதை?"

"காதைத்தானுங்க. வேற எதைத் தெப்பாங்க?"

அவளோடு கோயமுத்தூர் போய்வந்த கருப்பாத்தாள் வாசலிலேயே நின்றிருந்தாள். சோமனூரில் ஒரே தறிக்குடோனில் இவர்களோடு தறி ஓட்டுகிறவள். "வலியே இல்லீங் தாமஸண்ணா. ஊசி போட்டு மரத்துப்போக வெச்சுட்டு, அறுந்த இழையப் பிணைக்கறாப்புல பிணைச்சுப்போட்டாங்க அந்த லேடி டாக்டரு. நம்மளை விட கை சுத்தம்" என்றாள். தாமஸின் முகத்தைப் பார்த்ததும் "அப்ப நான் வாரனுங்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"யாரைக் கேட்டுத் தெச்ச?"

"என்ர காதுங்க."

தாமஸ் எழுந்தே விட்டான். எச்சில் கையோடு அந்தப் பிளாஸ்திரியைச் சுட்டிக்காட்டி, "சாட்சியை அழிச்சுப்போட்டியே புள்ள!" என்றான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நெஞ்சார நம்பித்தான் சொன்னான். வீட்டில் இருந்த ஏதோ விலைமதிப்பான பொருளை அவள் கொண்டுபோய்த் தொலைத்துவிட்டு வந்ததுபோல அவனுக்கு இருந்தது.

அந்தக் காதின் கதை சபை முழுவதும் அறிந்தது. கல்யாணமான புதிதில் தாமஸ் குடித்தான். வாங்கிய கூலியைக் கடையிலேயே கொடுத்துவிட்டு வருவான். ஒருநாள் குடிக்கக் காசில்லாமல் பெண்டாட்டியின் காதிலிருந்த கம்மலைப் பிடித்து இழுத்தான். கம்மலோடு காதுமடலும் கிழிந்து வந்தது. சில வருஷம் கழித்து, மகள் லின்சி பள்ளிக்கூடம் சேர்ந்த சமயத்தில், யாரோ ஒரு ஜெபக்கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு விட்டவன்தான், அதற்குப் பிறகு குடியைத் தொடவில்லை. அருள்செல்வியின் மேல் கையை ஓங்கவும் இல்லை. இது உண்மை. கூலியை முழுசாக அவள் கையில் கொடுத்தான். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அவள் தறியையும் சேர்த்து ஓட்டிவிட்டு வந்து ரசம் வைத்தான்.

அவர்கள் போகும் சபையில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள் நகை போடக்கூடாது. வேறு சபையாக இருந்திருந்தால் பெரிய தோடு ஒன்றைப் போட்டு அந்தக் கிழிசலை மறைத்திருப்பாள். இங்கே வெறும் காது. மடல் இரண்டாகப் பிளந்து, ஒரு துணுக்கு தனியாகத் தொங்கும். மாதம் ஒருமுறை சாட்சி சொல்லும் நேரத்தில் தாமஸ் எழுந்து மைக்கைப் பிடிப்பான். "பாவியாகிய நான் இந்தக் கையால் இழுத்தேன். ரத்தம் பீறிட்டது. என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. முழங்காலில் நின்று எனக்காக ஜெபித்தாள். அந்தக் காது இதோ, அங்கே உட்கார்ந்திருக்கிறது!" என்பான். ஆண்கள் பக்கம் இருக்கும் தலையெல்லாம் பெண்கள் பக்கம் திரும்பும். வெளியூர்ப் பிரசங்கியார்கள் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். அல்லேலூயா கூரையைத் தூக்கும். அருள்செல்வி முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வாள். அவளுக்கு அடக்கம் என்று தாமஸ் நினைத்துக்கொள்வான்.

இப்போது வரும் ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் குடும்ப ஆசீர்வாதக் கூட்டம். பல சபைகள் சேர்ந்து நடத்துவது. தாமஸும் அருள்செல்வியும் மேடையில் சேர்ந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும் என்று பாஸ்டர் ஏற்பாடு செய்திருந்தார். சோமனூர் பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். இருவர் படமும் போட்டு, "மனைவியின் காதை அறுத்தவர் இன்று மேடையில்! அதிர்ச்சியூட்டும் சாட்சி!" என்று சிவப்பு எழுத்து.

"அதுக்கு அடியில காய்ப்பையோட நின்னனுங்க. காலேஜ் பசங்க ரெண்டு பேரு படிச்சானுங்க. அப்பறம் என்ர மூஞ்சியப் பாத்தானுங்க. அப்பறம் சுத்தி வந்து காதைப் பாத்தானுங்க. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்" என்றாள் அருள்செல்வி.

"அவனுங்க கெடக்கறானுங்க. ஆயிரக்கணக்கான குடும்பம் வருது புள்ள. அதுல குடிக்கற ஒருத்தன் திருந்துனாப் போதாதா?"

"திருந்தட்டுங்க. அதுக்கு என்ர காது எதுக்கு?"

சோறு காய்ந்துகொண்டிருந்தது. பாஸ்டருக்குப் போன் போட்டான்.

மறுநாள் சாயங்காலம் பாஸ்டர் வந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஒருகாலத்தில் லாரி ஓட்டியவர். சபையில் யாருக்குப் பிரசவ வலி கண்டாலும் தன் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவார். ஆனால் பிளாஸ்திரியைப் பார்த்ததும் அவருக்கும் முகம் தொங்கிப்போனது.

"சிஸ்டர், மறுபடியும் நகை மேல ஆசை வந்துருச்சா?"

மருந்துக்கடை வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த லின்சி, "தெச்ச எடத்துலயே கம்மல் குத்தக்கூடாதுன்னு டாக்டரே சொல்லியிருக்காங்க பாஸ்டர். பயப்படாதீங்க" என்றாள்.

"அப்ப எதுக்குத் தெக்கோணும்?"

"காது காதாட்டம் இருக்கட்டும்னுதானுங்க" என்றாள் அருள்செல்வி.

"தழும்பு அவமானமில்ல சிஸ்டர். உயிர்த்தெழுந்த கர்த்தரே தம்முடைய காயத்தைத் தோமாவுக்குக் காட்டினாரு. கையைப் போட்டுப் பாருன்னாரு. இல்லீங்களா?"

அருள்செல்வி காப்பி டம்ளரை அவர்முன் வைத்தாள். "அவரு காயத்தை அவரே காட்டினாருங்க பாஸ்டர். வேற ஒருத்தன் அவரு கையப் புடிச்சு இழுத்துக் காட்டல."

லின்சி வாயைப் பொத்திக்கொண்டாள். பாஸ்டர் காப்பியைத் தொடவில்லை. இந்தப் பெண் இத்தனை வருஷத்தில் ஸ்தோத்திரம் தவிர அவரிடம் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. ஆனாலும் பொறுமையாகத்தான் சொன்னார்:

"சரி, நடந்தது நடந்துபோச்சு. பிளாஸ்திரி இருந்தாலும் பரவால்ல. முக்காட்டைக் கொஞ்சம் ஒதுக்கிட்டு நின்னீங்கன்னா ஜனங்களுக்குப் புரியும். பிரதர், நீங்க பேசி ஒத்துக்க வைங்க."

தாமஸ் பேசினான். அன்றைக்கும் பேசினான், அதற்கு மறுநாளும் பேசினான். வியாழக்கிழமை தறிக்குடோனிலும் விடவில்லை. தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அதுதான் சாதாரணப் பேச்சு. குடும்பச் சண்டையைக்கூடத் தறிக்கு நடுவில்தான் போட்டுக்கொள்வார்கள். இரண்டடி தள்ளி நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது.

"ஏறுவியா மாட்டியா?" என்று அவள் காதருகே கத்தினான்.

"மாட்டனுங்க!"

"நீ எனக்காக முட்டிபோட்டு ஜெபிச்சதாலதான புள்ள நான் இன்னிக்கு மனுசனா நிக்கறேன்! அதை ஜனங்ககிட்டச் சொல்ல வேண்டாமா?"

அருள்செல்வி அறுந்த நூலைப் பிணைத்துக்கொண்டிருந்தாள். கையை விட்டுவிட்டுத் திரும்பினாள். "நான் எப்பங்க ஜெபிச்சேன்? ரத்தம் ஒழுக மூலையில உக்காந்துக்கிட்டு..."

கரண்ட் போனது. அத்தனை தறியும் ஒரே வீச்சில் நின்றது. அவள் குரல் மட்டும் நிற்கவில்லை.

"...நீங்க செத்துப்போகோணும்னு வேண்டிக்கிட்டேன்!"

குடோன் முழுக்கக் கேட்டது. தார்க்குச்சியில் ஊடைநூல் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள்.

எதிர்வரிசையிலிருந்து கருப்பாத்தாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அதேதான் அருளு நானும் என்ர புருசனுக்கு வேண்டுனேன். எங்க மாரியாத்தா சட்டுனு கேட்டுக் குடுத்துப்போட்டா. உங்க சாமிதான் ஆளை வெச்சுக்கிட்டு யோசிச்சிருக்குது." பொம்பளைகள் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் அவளே, "வாங்க ஆத்தா, டீக் குடிச்சுட்டு வரலாம். அவிய பேசட்டும்" என்று எல்லோரையும் ஓட்டிக்கொண்டு வெளியே போனாள்.

தறிகளுக்கு நடுவில் இருவரும் நின்றார்கள்.

"நெசமாவா புள்ள?"

"நெசந்தானுங்க. அதுவும் ஒரு வேண்டுதல்தான. உங்களுக்குச் சரியா ஞாபகமில்ல. அன்னிக்கு உங்களுக்கு நெதானமே இல்ல. மறுநாள் நான் சொன்னதை வெச்சுத்தான் இத்தனை வருசமா மைக்ல பேசறீங்க. முட்டிபோட்டு ஜெபிச்சது நீங்களாச் சேத்துக்கிட்டது. நான் ஒண்ணும் சொல்லல, போகட்டும்னு உட்டுட்டேன். ஆனா நானும் உங்ககிட்டப் பாதிதான் சொன்னேன்."

"மீதி என்ன?"

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை. அப்படியும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீங்க அன்னிக்கு என்கிட்ட வரலீங்க. தொட்டலுக்குப் போனீங்க."

தாமஸுக்குப் புரியவில்லை.

"லின்சி தொட்டல்ல தூங்கிட்டிருந்தா. எங்கண்ணன் காது குத்திப் போட்ட பொட்டுக் கம்மல் இருந்துச்சுங்க அவ காதுல. என்கிட்ட வந்தா நான் மல்லுக்கட்டுவேன். கொழந்தை ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சீங்க போல. ஒரு கையில தொட்டலைப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையில அவ காதைப் புடிச்சுட்டீங்க. அவளுக்கு ஒரு வயசு ஆகலீங்க. அந்தக் காது எத்தனை இருக்கும்? வெத்தலைக் கொழுந்தாட்டம் இருந்துச்சு."

"புள்ள..."

"கேட்டீங்களல்லோ, கேளுங்க. நான் ஓடியாந்து நடுவுல தலைய உட்டேன். அவளை உட்டுருங்க, என்னுதைக் கழட்டித் தாரேன், இந்தாங்கன்னு காதைக் காட்டுனேன். கழட்டத்தான் கையையும் வெச்சேன். திருகாணி இறுகிக்கெடந்துச்சு. உங்களுக்குப் பொறுக்கல."

தாமஸ் தறியின் மரத்தைப் பிடித்துக்கொண்டான். ஒரு பச்சைக் குழந்தையின் காதில் தன் விரல் இருந்ததை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராததுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. எத்தனை மேடையில் அழுதிருக்கிறான். எதற்கு அழுதான் என்றே தெரியாமல் அழுதிருக்கிறான்.

"ஏன் புள்ள சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க கெணத்தைப் பாத்துப் போயிருப்பீங்க. அப்பறம் குடியை உட்டுட்டீங்க. லின்சி உங்க வெரலைப் புடிச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனா. அந்தக் கையைப் பாத்து அவ பயப்படக் கூடாதுன்னு இருந்துட்டேன். இன்னிக்கும் அதேதான். பாஸ்டர்கிட்டச் சொல்லாதீங்க. லின்சி காதுக்கு இது போச்சுன்னா நான் அந்த ஊட்டுல இருக்கமாட்டனுங்க. இதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க."

கரண்ட் வந்தது. வெளியே போனவர்கள் வந்து அவரவர் தறியைத் தட்டிவிட்டார்கள். தாமஸின் தறிகள் மட்டும் வெகுநேரம் ஓடவில்லை. முதலாளியின் ஆள் வந்து ஏனென்று கேட்டான். அவன் கேட்டது தாமஸுக்கு விளங்கவே இல்லை.

சாயங்காலம் வீட்டில் லின்சி கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டிருந்தாள். தாமஸ் அவள் காதைப் பார்த்தான். கம்மல் போட்டுப் பல வருஷம் ஆனதால் துளை மூடிப்போய்ச் சிறு புள்ளி மட்டும் இருந்தது. மடல் முழுசாக, கீறல் இல்லாமல் இருந்தது.

"என்னப்பா அப்படிப் பாக்கறீங்க? எனக்கும் தெக்கோணுமா?" என்று கண்ணாடியிலேயே சிரித்தாள்.

தாமஸ் பின்பக்கம் போய்த் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தான். லின்சி ஓடிவந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அவள் கையில் படாமல் செம்பை வாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்து வழிந்தது. மேடைக்குப் பின்னால் ஒரு கணவனும் மனைவியும் பிள்ளைகளோடு சிரிக்கும் பெரிய படம். அருள்செல்வி வெள்ளைச் சேலையில் பெண்கள் பக்கம், லின்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வரமாட்டாள் என்று தாமஸ் நினைத்திருந்தான். காலையில் அவளே கிளம்பி நின்றாள். "கும்பிட வாரனுங்க. மேடைக்கு இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

பாஸ்டர் மைக்கில் கூப்பிட்டார். "சோமனூர் சகோதரன் தாமஸும் அவருடைய அன்பு மனைவியும் மேடைக்கு வருவார்கள்!"

கைதட்டல் எழுந்தது. தாமஸ் எழுந்து போனான். அருள்செல்வி அசையவில்லை. "சிஸ்டர், வாங்க" என்று பாஸ்டர் மேடையிலிருந்து கையை நீட்டினார். சுற்றியிருந்த பெண்கள், "போங்கம்மா, கூச்சப்படாதீங்க" என்று அவள் முழங்கையைத் தொட்டுத் தள்ளினார்கள். ஒருத்தி முக்காட்டைக்கூட ஒதுக்கிவிடப் பார்த்தாள். லின்சி அந்தக் கையைப் பிடித்து அப்பால் வைத்தாள்.

"அவளை விடுங்க" என்றான் தாமஸ். மைக் அவன் கையில் இருந்தது. சொன்ன வேகத்தில் மண்டபம் அடங்கியது. அன்றைக்குத் தொட்டிலருகே அவள் கெஞ்சிய வார்த்தை தன் வாயில் வந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. அதன் பிறகு பேசுவது கஷ்டமாக இருந்தது.

"அவ வரமாட்டா. நான் கூப்பிடவும் மாட்டேன். நான் இத்தனை வருசமாச் சொன்ன சாட்சியில அவ முட்டிபோட்டு எனக்காக ஜெபிச்சான்னு சொன்னேன். அது பொய்யுங்க. கேக்க நல்லா இருக்குதுன்னு நான் சேத்துக்கிட்டது. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்கே தெரியல. தெரிஞ்சவ அவ ஒருத்திதான். அது அவளுது. எடுத்துப் பேச எனக்கு உரிமையில்லீங்க. நான் திருந்துனேன்னு கைதட்டுனீங்க. அவ என்ன பட்டான்னு யாரும் கேக்கல. நானும் கேக்கல. மன்னிப்பும் கேக்கல. கர்த்தர்கிட்டக் கேட்டேன், உங்ககிட்ட மைக்ல கேட்டேன், ஊட்டுல இருக்கற அவகிட்டக் கேக்கல. எனக்குச் சாட்சி இல்லீங்க. இனிமேச் சொல்லமாட்டேன்."

ஒரு ஆமென்கூட எழவில்லை. முன்வரிசையில் ஒரு பெண், பக்கத்தில் இருந்த தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். பாஸ்டர் தாமஸின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். பாட்டுக்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தார். கீபோர்டு அலறியது.

வெளியே பஸ் ஸ்டாப்பில் லின்சி விடவில்லை. "அன்னிக்கு என்ன நடந்துச்சும்மா? அப்பா எதைத் தெரியலைங்கறாரு?"

"குடிச்சவனுக்கு எதுதான் தெரியும் கண்ணு. பஸ்ஸு வருது பாரு."

"என்னமோ மறைக்கறீங்க ரெண்டு பேரும்."

"மறைக்கறோம்" என்றாள் அருள்செல்வி. "எங்களுக்குள்ள கெடக்கட்டும். உனக்குத் தெரியாட்டி ஒண்ணும் குறைஞ்சுபோகாது."

லின்சி அப்பாவைப் பார்த்தாள். தாமஸ் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் ஒழுகியது. "புள்ள, என்னை..." என்று அருள்செல்வியின் பக்கம் திரும்பினான்.

"இங்க வேண்டாமுங்க. நாலு பேரு பாக்கறாங்க. ஊட்டுக்குப் போயிக் கேளுங்க."

வீட்டுக்கு வந்ததும் லின்சி குளிக்கப் போனாள். அருள்செல்வி சமையலறையில் சேலையை மாற்றிக்கொண்டு தக்காளி அரிய உட்கார்ந்தாள். தாமஸ் வந்து பழக்கத்தில் முழங்கால் போட்டான்.

"எந்திரிங்க" என்றாள். "முட்டிபோட்டா எனக்கு சபையாட்டம் இருக்குது. மனுசனாட்டம் உக்காந்து கேளுங்க."

அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நிற்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் அவனுக்கு.

"என்னை மன்னிச்சுரு அருளு. காதுக்கு. அவளுக்கு. அப்பறம் ஒவ்வொரு தடவையும் உன்னைக் காட்டுனதுக்கு."

அவள் கத்தியை நிறுத்திவிட்டு யோசித்தாள். உண்மையாகவே யோசிக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. பயமாக இருந்தது.

"காதை மன்னிச்சு நாளாச்சுங்க. காட்டுனதை இன்னிக்கு மன்னிக்கப் பாக்கறேன். தொட்டலுக்குப் போனதைத்தான்..." அவள் தலையை ஆட்டினாள். "அது இன்னும் முடியலீங்க. பொய் சொல்லமாட்டேன். ஒவ்வொரு நாளும் வேண்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நான் சாகோணும்னா?"

"அட, இல்லீங்க" என்றாள் சட்டென்று. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் தையல் இழுத்திருக்க வேண்டும். முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டாள். தாமஸ் அவள்பக்கம் கையை நீட்டினான். பாதி வழியில் தன் கையைத் தானே பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டான்.

அவள் அதைக் கவனித்தாள்.

"புதன்கெழமை தையல் பிரிக்க வரச் சொல்லியிருக்காங்க" என்றாள். "கருப்பாத்தாக்கு லீவு போட முடியாதாம். நீங்க வாங்க. டாக்டரு பிரிக்கறப்பத் தலைய ஆட்டாமப் புடிச்சுக்க ஒரு ஆளு வேணும்."